விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

நஸ்ரின் எங்கள் வீட்டுக்கு நாற்பத்தொரு நாள் டீ குடிக்க வந்தாள். காலை பத்து மணிக்கு வருவாள், பத்தரைக்குக் கிளம்பிவிடுவாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் மேடம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

என் பெயர் ஷெர்லின். ஒண்டிக்கடை முக்கிலிருந்து மேலே ஏறும் தெருவில் இரண்டாவது வீடு. அப்பா தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். இப்போது அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. அண்ணன் மெல்வின் துபாயில் இருக்கிறான். நான் தாவரவியல் படித்தவள். எனக்கு ஆட்களிடம் பேச வராது. மழைக்காலத்தில் மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், கடையில் அரைக் கிலோ சர்க்கரை கேட்டதுதான் அந்த வாரம் நான் பேசிய ஒரே பேச்சாக இருக்கும்.

பக்கத்து வீடு சுஹைல் அண்ணனுடையது. நஸ்ரின் அவர் மனைவி, ஜைனபம்மா அவருடைய தாயார். எங்கள் ஹாலுக்கும் அவர்கள் சமையலறைக்கும் நடுவே ஒரே சுவர், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது. டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட மாடியில் அறை கட்டுவதற்காக, சுஹைல் அண்ணன் தன் பக்கம் சுவரை ஒட்டித் தூணுக்குக் குழி தோண்டினார். மறுநாளே என் பக்கம் ஒரு விரிசல் தெரிந்தது.

மெல்வின் வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போன் செய்தான். பொதுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் சொந்தம். அவர்கள் கட்டலாம், ஆனால் சுவரின் பிடிமானத்தைக் கெடுக்கக் கூடாது. கெட்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. "நீ வாயத் தொறந்து கேட்டாப் போதும்" என்றான்.

சுஹைல் அண்ணன் நல்லவர். எழுதியே கொடுத்தார். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டுவது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் அன்றே வேலை நிற்கும். அந்தச் சுவரை எனக்கே விட்டுவிட்டு, இரண்டடி தள்ளித் தனக்கென்று வேறு சுவர் எழுப்பிக்கொள்வார். கண்ணாடி நான் கொடுத்தேன். கல்லூரியில் மைக்ரோஸ்கோப்புக்கு வாங்கிய சிலைடு, ஐம்பது கொண்ட பெட்டி. ஒன்றை எடுத்து வெள்ளை சிமெண்டில் பதித்து, அதன் மேல் ஜூன் 9 என்று எழுதினேன்.

அதைப் பார்க்கத்தான் நஸ்ரின் தினமும் வந்தாள்.

"எங்கூட்டுக்காரரு என்னைய ஒரு நாளாச்சும் இப்படி உத்துப் பாத்திருப்பாராங்க்கா? நீங்க செவுத்தப் போயி இந்தப் பார்வ பாக்குறீங்களே" என்பாள். நான் சிரிப்பேன். டீயில் இஞ்சி போதாது என்று அவளே தட்டிப் போடுவாள். பள்ளியில் தவளையை அறுக்கச் சொன்னபோது அழுது ஓடியதை இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறையும் நான் புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன்.

பன்னிரண்டாம் நாள் விடியும்போது கண்ணாடி உடைந்திருந்தது.

பெட்டியில் இன்னும் நாற்பத்தொன்பது இருந்தன. பழைய சிமெண்டைச் சுரண்டிவிட்டு வேறொன்றைப் பதித்தேன். ஜூன் 9 என்று அதே சாய்வில் எழுதினேன். பத்து மணிக்கு நஸ்ரின் பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்குதுங்க்கா" என்றாள். நான் டீ வைத்தேன்.

அடுத்தது இருபத்திரண்டாம் நாள். பிறகு இருபத்தொன்பது, முப்பத்துநான்கு, முப்பத்தெட்டு. இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நான் அறிவியல் படித்தவள். ஆனால் விரிசல் அகல அகல அவர்கள் வீட்டுப் பேச்சு தெளிவாகக் கேட்டது. ஜைனபம்மா மருமகளைக் கடிந்துகொள்வது, நஸ்ரின் வாய்க்குள் பதில் சொல்வது, இருவரும் சேர்ந்து சுஹைல் அண்ணனைக் கிண்டல் செய்வது. சில நாள் நானும் தட்டை எடுத்துப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். வேறு சுவர் எழுப்பிவிட்டால் இது எதுவும் இருக்காது.

நாற்பத்தொன்றாம் நாள் காலை பதினொன்றே காலுக்குச் சுவர் அவர்கள் பக்கம் சரிந்தது. நஸ்ரின் கடைக்குப் போயிருந்தாள். ஜைனபம்மா சமையலறையில் இருந்தார்.

கண்ணாடி கடைசி வரை உடையவில்லை, அதனால் திடீரென்று ஆழமாகத் தோண்டியதுதான் காரணம் என்று கொத்தனார் கிறிஸ்டோவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் ஒவ்வொரு நாளும் மண்வெட்டியைத் தொடும் முன் என் வாசலில் நின்று, "கண்ணாடி எப்படி இருக்குதுங்க பாப்பா?" என்று கேட்டவர். அவரை விட்டுவிடுங்கள்.

நஸ்ரின் சேலத்துக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல தப்பில்லீங்க்கா, நீங்க பாத்துக்கிட்டேதான இருந்தீங்க" என்றாள். அவளைப் போல என்னிடம் அன்பாக இருந்தவர்கள் யாருமில்லை. நானும் அவளுக்கு ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

ஒன்று மட்டும் பாக்கி, மேடம். அன்று பத்தரைக்கு நஸ்ரின் கிளம்பிப் போன பிறகு, சுமார் பதினொரு மணிக்கு, ஜைனபம்மா விரிசல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, அரிசியில மண்ணு கொட்டிக் கெடக்குது. எனக்கு நொம்ப பயமா இருக்குது சாமி. கண்ணாடி நல்லாருக்குதா? உள்ள நின்னு சோறு வடிக்கலாமா?"

"நல்லாருக்குதுங்கம்மா. வடிங்க" என்றேன்.

அப்போது அந்தக் கண்ணாடி இரண்டு துண்டாக என் கையில் இருந்தது.