ஒரு நல்ல ரவுட்டர் பாக்கணும்

ஹலோ... ஹலோ, அம்மாரு? சஃபீனா மாமி பேசுதேன், தாராவியிலேருந்து... யாரு, மைனியா? வ அலைக்கும் ஸலாம் மைனி. மவன் போனு ஒங்க கையில எப்படி... குளிக்கானா. சரி... சரி... நல்லா இருக்கேன். ஒங்க தம்பியும் நல்லா இருக்காஹ. கீழ பேக் தைக்க ஆளு வந்துட்டானுவ, அவுஹ அங்கனதான் இருக்காஹ.

மைனி, எனக்கு நேரமில்ல. அம்மார்ட்ட நீங்களே சொல்லிருங்க. நம்ம புள்ள அதீபாவுக்கு நல்ல ரவுட்டர் ஒண்ணு பாக்கணும்... ஆமா... ஆமா, அதீபாவுக்குத்தான்... இன்னைக்கே பாத்தாத்தான் நல்லது.

... அல்ஹம்துலில்லாஹ்வா? ... சரி, அல்ஹம்துலில்லாஹ்.

... ஒங்க தம்பியா? அவுஹளுக்கு இதப்பத்தி என்ன தெரியும். நானாத்தான் கேக்கேன்.

... எப்படி வேணுமா? ரொம்பப் பெருசா எல்லாம் வேண்டாம் மைனி. நெலையா நிக்கணும். பாதியில விட்டுட்டுப் போயிரக்கூடாது... ஆமா ஆமா, அதான் முக்கியம். பேரு எதா இருந்தா என்ன, நம்பி இருக்கலாம்னு இருக்கணும். அப்பறம் கீழேருந்து ரெண்டு மாடி ஏறி வரணும், நடுவுல ஸ்லாப்பு வேற. அந்தத் தெம்பு வேணும்.

... இல்ல மைனி, ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. மூணு வருசமா... கீழ கடையிலதான் இருக்கு... ஒங்க தம்பிக்குத் தெரியாமயா? அவுஹதான கொண்டாந்து வச்சாஹ. அதத் தூக்கி வீசிட்டுப் புதுசு பாக்கலாம்னு நெனைக்கேன். எதுத்த வீட்டு ருக்சானா வச்சிருக்காளே, அது மாதிரி நாலு கொம்பு உள்ளதா... கொம்புதான் மைனி... நாலு...

... எந்த ஊரு ராவுத்தரா?

யா அல்லா. மைனி, ராவுத்தர் இல்ல. ரவுட்டர். நெட்டுப் பொட்டி மைனி, பச்ச லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுமே, அது... மாப்பிள்ள பாக்கச் சொல்லல நான்... சிரிக்காதீஹ மைனி. இங்க நேரம் ஓடிக்கிட்டு இருக்கு.

சொல்லுதேன், கேளுங்க. அதீபாவுக்குப் பவாய் கம்பெனியில வேல கெடச்சிருக்குன்னு சொன்னேன்லா... வீட்டுல இருந்தேதான். ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்மென்ட் கேட்டுப் போன் போடுவாஹள்ல, அவுஹளுக்குப் பதில் சொல்லணும். தமிழு, ஹிந்தி, மராட்டி மூணும் பேசுதாளேன்னுதான் எடுத்தாஹ. ஒரு வாரம் ட்ரையல். அதுக்குள்ள மூணு தடவ லைன் அந்துச்சுன்னா வேலய விட்டு அனுப்பிருவாஹளாம்... ரெண்டு ஆயிருச்சு மைனி. செவ்வா ஒண்ணு, நேத்து ஒண்ணு. இன்னைக்குக் கடைசி நாளு. பதினோரு மணிக்கு ஒக்காரணும். இப்பவே பத்தே முக்கால்.

... ஆமா, அந்தப் பொட்டியாலதான்னு நெனைக்கேன். லாமிங்டன் ரோட்டுல போயிக் கேட்டேன். ஒரு கடையில சிங்கிள் பேண்டு போதும்ங்கான், அடுத்த கடைக்காரன் அதத் தொடவே தொடாதீங்கன்னு சொல்லுதான். இந்தச் சந்துக்குள்ள இருவது வீட்டு வைஃபை ஓடுதாம், அதுல நம்மளுது நசுங்கிப் போவுதாம். தல சுத்திப்போயி வெறுங்கையோட வந்துட்டேன். அதான் அம்மாரு நெட்டுக் கம்பெனியிலயே வேல பாக்கானே, அவன் ஒண்ணு பக்காவாச் சொன்னா வாங்கிருவேன்...

ஒண்ணுமில்லளா. அம்மாரு வீட்டு மாமிட்டதான் பேசுதேன். நீ அந்த ஹெட்போனப் பாரு... சாப்பிடு மொதல்ல... சரி, குடிக்கவாது செய்.

மேல இருந்து கேக்கா மைனி. ரெண்டு நாளாப் புள்ள சரியாத் தூங்கல. அவ அத்தா என்ன சொன்னாஹன்னு தெரியும்லா ஒங்களுக்கு? இந்த வேல கெடச்சா ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன், கெடைக்கலைன்னா நான் சொல்லுத எடத்துல கழுத்த நீட்டணும். எம் முன்னாலதான் சொன்னாஹ. அவளும் சரின்னுட்டா... அதான். அதான் இம்புட்டு அவசரம்.

... என்ன மைனி? ... ம்... சொல்லுங்க, என்னத்துக்கு இழுக்கீஹ...

ஞாயித்துக்கெழமையா? பொண்ணு பாக்க யாரு வாராஹ?

... தாணேயில இருக்க கடையநல்லூர்க்காரஹளா... எப்பப் பேசினீஹ? ... நோம்புக்கு முன்னாடியேவா. ஒங்க தம்பி வாக்கும் குடுத்துட்டாஹளா... இல்ல, எனக்குத் தெரியாது. ஒரே வீட்டுல ஒரே சட்டியில சோறு திங்கேன், எனக்குத் தெரியாது மைனி... ஒங்க மேல வருத்தம் இல்ல. அவுஹ கேட்டதுக்கு நீங்க பாத்துக் குடுத்தீஹ... நல்ல எடமாவே இருக்கட்டும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? மனசு வலிக்கி மைனி, வேற என்ன சொல்ல.

... அவன் வந்துட்டானா? குடுங்க... குடுங்க, நான் பேசுதேன்.

அம்மாரு, இங்க பாருப்பா, ஒரு ரவுட்டர்... என்ன, வேண்டாமா? ... நீ நேத்து வந்தியா, எங்க வீட்டுக்கா? நான் எங்க போயிருந்தேன்... ஆமா, மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன்... சரி... பாத்தியா... பொட்டியில ஒரு கொறையும் இல்லயா? பின்ன எப்படிப்பா அந்துபோவுது?

... ஒங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தெரியுமா... ம்... லைன் அறுபடல... பொட்டிக்குக் கரண்டுதான் நின்னிருக்கு. அதெப்படி? நேத்து லைட்டே போகல. மேல ஃபேன் ஓடிக்கிட்டுத்தான இருந்துச்சு... எத்தன மணிக்குன்னு போட்டிருக்கு? ... ரெண்டு நாளும் ஒண்ணு இருவதா.

ஒண்ணு இருவதுக்குத் தையக்காரனுவ சாப்பிடப் போயிருவானுவ. கீழ ஒங்க மாமா மட்டுந்தான் இருப்பாஹ.

... நீ மாமாட்ட சொன்னியா? ... என்ன சொன்னாஹ? ... பயப்படாதப்பா, ஒன்னய ஒண்ணும் சொல்ல மாட்டேன்... மாமிட்ட சொல்லாதன்னு சொன்னாஹளா. சுச்சுல கை தெரியாமப் பட்டிருக்கும்னா சொன்னாஹ? ரெண்டு நாளும் ஒரே நேரத்துல, தெரியாமப் பட்டுச்சாக்கும்.

... இல்ல, நான் அழுவல. அழுது என்ன ஆவப்போவுது. அவுஹ கெட்டவுஹ இல்ல, அம்மாரு. குடுத்த வாக்க மீறினா ஊர்க்காரன் முகத்துல முழிக்க முடியாதுன்னு பயம். புள்ளைக்குக் குடுத்த வாக்கு மட்டும் வாக்கு இல்லயா? அந்தக் கழுத ராப்பகலா ஒக்காந்து மராட்டியில வணக்கம் சொல்லிப் பழகுது. லைன் அந்ததுக்கு அது எங்கிட்ட மன்னிப்புக் கேக்குது. எங்கிட்ட.

... கடைக்கா? வேண்டாம், நீ ஒண்ணும் வாங்கியாற வேண்டாம். ரவுட்டர் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டு ராவுத்தர்தான் சரியில்ல.

... என்ன, ஒங்க அம்மா என்ன சொல்லுதாஹ? ... ஞாயித்துக்கெழமையா. வரட்டும்னு சொல்லு. வீடு தேடி வாரவஹள வேண்டாம்னு சொல்லக்கூடாது. டீயும் சமோசாவும் குடுத்து அனுப்புதேன். ஆனா புள்ள வெளிய வர மாட்டா. அவளுக்கு வேல இருக்கும்.

... இப்பவா? இப்பக் கீழ போறேன். வெங்காயம், பூண்டு, அருவாமண எல்லாத்தையும் ஒரு சட்டியில அள்ளிக்கிட்டேன். அந்தச் சுச்சுக்கு நேர் கீழ ஒரு ஸ்டூல் கெடக்கு, அதுல ஒக்காந்துக்கிடுவேன், சாயந்தரம் ஆறு மணி வரைக்கும்... அவுஹ முன்னாலயா? ஆமா, அவுஹ முன்னாலதான். தையக்காரனுவ பாத்தாப் பாக்கட்டும்.

... சண்ட ஒண்ணும் போட மாட்டேன். வாயத் தெறக்க மாட்டேன். ஒண்ணு இருவதுக்கு அவுஹ எந்திரிச்சு வந்தா, நானும் எந்திரிச்சு நிப்பேன். அம்புட்டுத்தான்.

... வாரேன்ளா. நீ கம்ப்யூட்டரப் போடு. பயப்படாமப் போடு, இன்னைக்கு அறுபடாது.

வைக்கேன் அம்மாரு. ஏணியில எறங்கணும், ரெண்டு கையும் வேணும்.