தப்பாக அமுக்குகிறவர்

கேரளத்துச் சித்தூரிலிருந்து பாலக்காடு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் மகளும்.

"இனிமே நீங்க எதையும் தப்பா அமுக்க வேண்டாமுங்கப்பா" என்றாள் மகள். அதற்குமேல் நான் ஜன்னலைப் பார்ப்பதாக நடித்தேன்.

"ஏன் கண்ணு? நாலு வருசமா உன்ற ஆபீஸ் ஆப் ஒவ்வொண்ணையும் நாந்தான கண்டமேனிக்கு அமுக்கிப் பாத்தேன்?"

"ஆப்புல தப்புக் கண்டுபுடிக்கற எங்க டெஸ்டிங் டீமையே கலைச்சுட்டாங்க. இனி ஏஐ பாத்துக்குமாம்."

"அப்ப உன்ற வேலை?"

"இருக்குதுங்க. ஆளுங்க எப்படியெல்லாம் தப்புப் பண்ணுவாங்கன்னு நான் அதுக்குச் சொல்லிக் குடுக்கோணுமாம். எனக்கு அவ்வளவு தெரியுமான்னு பயமா இருக்குதுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஃபோனைக் குடு கண்ணு. நான் அமுக்கறேன், நீ எழுதிக்கோ."