விழித்தபோது விமானம் இல்லை

எனக்கு ராக் பாட்டு பிடிக்காது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் தம்பி. அபாண்டம். என் மகன் பிரூனோவின் பாட்டை வரி விடாமல் பாடுவேன்.

‘உன் கையால் தின்றேன், உறங்கிப்போனேன், விழித்தபோது விமானம் இல்லை.’

உங்கள் போனிலும் அதுதானே அடிக்கிறது? அம்மா சோற்றுக்காக விமானத்தையே விட்டுவிட்ட பிள்ளை என்று ஊரே உருகுகிறது. பாரிசில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அன்னையர் தினத்தன்று இதைப் போட்டு மூக்கைச் சிந்துகிறார்களாம். டிரம்ஸ் அந்த அடி அடிக்கிறது, அவன் தொண்டை கிழியக் கத்துகிறான். பாசத்தில் யாராவது இப்படிக் கத்துவார்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இசை ஞானம் அப்படி.

பொருள் புரிந்தது எங்கள் இருவருக்குத்தான். எங்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. விசா கிடைக்கவில்லை என்று அவன் நிற்கப்போவதில்லை. பிரான்சில் துலூஸ் நகரத்திலிருந்து ஓர் இசைக்குழு கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. என் கணவர் ரேமோன் தவறிப்போன பிறகு எனக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரைகள் வீட்டில் இருந்தன. மூன்று முறை டிக்கெட் எடுத்தான். மூன்று முறையும் நன்றாகத் தூங்கினான். ஓய்வு உடம்புக்கு நல்லதுதானே.

போன மே மாதம் அன்னையர் தின விழாவில் மேடையேற்றி எனக்குச் சால்வை போட்டார்கள். நிகழ்ச்சி நடத்திய பூர்ணிமா அவனிடம் மைக்கை நீட்டினாள்.

“அம்மா சாப்பாட்டுல அப்படி என்னதான் இருக்கு பிரூனோ?”

“மாத்திரை.”

அரங்கமே சிரித்தது.

“நெசமாத்தாங்க சொல்றேன். மாத்திரை கலந்து குடுக்கறாங்க.”

“ஐயோ, செல்லக் குறும்பு!” என்றாள் பூர்ணிமா. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன்.

அதன்பிறகு அவன் வெளியில்தான் சாப்பிட்டான். நான்காவது டிக்கெட் எடுத்தான். கிளம்பும் அன்று மத்தியானம் பெட்டியை எடுக்க வந்தான். வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தேன்.

“வேணாம் மமான்.” அம்மா என்பதை அவன் பிரெஞ்சில்தான் சொல்வான். “கார் நிக்குது.”

“நீ போய்ட்டா நான் யாருக்குடா ஆக்கிப் போடுவேன்? ரெண்டு வாய் தின்னுட்டுப் போ.”

“இதுல என்ன போட்டிருக்க?”

“புளி.”

சிரித்துவிட்டான். உட்கார்ந்தான்.

பாதியில் எழுந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும், பெற்றவள் அல்லவா. அதனால் பாதியிலேயே தூங்கும்படி கலந்திருந்தேன். நினைத்தபடியே பாதியில் எழுந்தான். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்து, தட்டை இழுத்து, மிச்சத்தையும் வழித்துச் சாப்பிட்டான். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் கார் ஏறியிருப்பான்.

டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, தம்பி சாஞ்சிட்டாரு? ஆஸ்பத்திரிக்கு விடட்டா?”

“வேணாம்பா, தூங்கறான். நீ போ.”

காலையில் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். கலந்தது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பிள்ளைக்கு என்னை விட்டுப் போக மனமில்லை. போக மனமிருந்தவன் அந்த மிச்சப் பாதியைச் சாப்பிடுவானா, தம்பி?