உப்பின் மேல் தவறில்லை

கறியைக் கழுவக் கூடாது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள், மேடம். காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உப்புக்கண்டம் போடத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த அரிச்சுவடியே தெரியாது.

நீங்கள் கேட்டது வேறு. அதற்குத்தான் வருகிறேன்.

இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டு மொட்டைமாடியில் கறி காயவைத்தவள் நான். மூத்த மருமகள். ஆட்டுத் தொடையை நார் போகிற போக்கில் மெல்லிசாக அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, கயிற்றில் கோத்து ஐந்து வெயில் காட்டுவேன். பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுவேன். தட்டினால் கட்டைச் சத்தம் கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் என் மாமியார் அதைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று: "உப்பு கொஞ்சம் தூக்கல்." உப்புக்கண்டத்தில் உப்புத் தூக்கலாம். கடலில் தண்ணீர் ஜாஸ்தி என்பதுபோல.

பிறகு சின்னவள் வந்தாள். கொழுந்தன் மனைவி, எனக்கு ஓரகத்தி. வெந்நீர் வைப்பதற்கும் போனில் வீடியோ பார்க்கிற ரகம். போன மாதம் ஒருநாள், உப்புக்கண்டம் தானே போடப்போவதாகச் சொன்னாள்.

"இவ்வளவு உப்பு பிரஷருக்கு ஆகாதுக்கா. பாதி போதும்."

பாதி உப்பு. மாங்கொட்டை அளவுக்குத் துண்டு. மூடாக்குப் போட்ட வானத்தின் கீழ் இரண்டே நாள். அதை எண்ணெயில் அமுக்கி ஜாடியில் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டுமாம், வீடியோக்காரி சொல்லியிருக்கிறாள். அடைப்பதற்கு முன் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"காஞ்சிருச்சான்னு பாத்துச் சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

ஒரு துண்டை அமுக்கிப் பார்த்தேன். மேலே பொருக்கு, உள்ளே பிசைந்த மாவு. மோந்தும் பார்த்தேன். என் மூக்கு பொய் சொல்லாது.

"நல்லாக் காஞ்சிருக்கு. மூடி வை," என்றேன். மூடி இறுக்கமான ஜாடி ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். நாலு பேருக்கு இரண்டு நாள் வயிறு கடுக்கட்டும், அப்போதாவது அருமை தெரியும் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பொரித்துப் போட்டாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"கறின்னா இப்படி இருக்கணும். பல்லுக்கு எவ்வளவு பதமா இருக்கு."

பதமாம். என் கணவருக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிக் கஞ்சி ஊற்றினேன். அவர் வயிறு நன்றாகத்தான் இருந்தது. நானும் அவருக்குத் துணையாகக் கஞ்சியே குடித்தேன்.

எண்ணெயில் நன்றாகப் பொரித்த சூட்டில் கெட்டது செத்துப்போய், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னவள்தான் மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஜாடிக்குள் கையை விட்டு மூன்று துண்டை அப்படியே தின்றாள். வீடியோக்காரி அப்படித்தான் தின்பாளாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவளால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். மத்தியானத்துக்குள் நாக்குக் குழறி, பேச்சே நின்றுவிட்டது. கொழுந்தன் வேலையாக வெளியூரில். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம்.

டாக்டர் கெட்டிக்காரர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டே கேட்டார். "ஜாடில, டின்ல அடைச்சு வச்சது எதாவது சாப்பிட்டாங்களாம்மா? அதுல ஊறுற விஷமா இருந்தா மருந்து இருக்கு. ஆனா சீக்கிரம் போடணும்."

"எல்லாரும் சாப்பிடற சாப்பாடுதான் டாக்டர்."

பிறகு அவளருகே போனோம். அவள் இடக்கையை மூடி, அதன்மேல் வலக்கையை வைத்துத் திருகிக் காட்டினாள். ஜாடி திறக்கிற மாதிரி.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

"தண்ணி பாட்டில் கேக்கறா."

எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் மறுபடியும் நிதானமாகச் செய்து காட்டினாள். அந்த நிலையிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கொழுந்தன் வந்து ஜாடியைப் பற்றிச் சொன்னான். மருந்து போட்டார்கள். தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. வெள்ளிக்கிழமை மூச்சு நின்றது.

அத்தோடு போயிருக்கும். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. "பாவம், அவ கையே அவளுக்கு எமனாயிருச்சு," என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தில், வீட்டில் செய்த உப்புக்கண்டத்தால் மரணம் என்று எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்ட மாமியார், கொடியில் தொங்கிய என் கறியைக் கயிற்றோடு அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். "இனி அந்த எழவு இந்த வீட்டுல வேணாம்." ஐந்து வெயில் கண்ட கறி, மேடம். தட்டினால் கட்டைச் சத்தம் வரும்.

அதனால்தான் நானே உங்கள் ஸ்டேஷனைத் தேடி வந்தேன். அந்தக் காகிதத்தைத் திருத்த வையுங்கள். ஈரம் இருந்தது எனக்குத் தெரியும். மருந்து இருக்கிறதென்று டாக்டர் என் காதில்தான் சொன்னார். அவள் கை என்ன கேட்டது என்பதும் எனக்குத் தெரியும். அவளைக் கொன்றது நான். உப்புக்கண்டம் யாரையும் கொல்லாது.