எடுத்துவிட்ட வரி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"நான் ஒரே ஒரு வரிய எடுத்ததுல ஒரு அக்காவுக்கு வேலையே போயிடுச்சு மச்சான்."

"என்ன வரி?"

"சரக்கு வந்ததும் கடையில 'பெற்றுக்கொண்டேன்'னு போன்ல அழுத்துறாங்கல்ல, அந்த ஆப்புக்கு விளக்கப் புத்தகம் எழுதுனது நான்தான். பெட்டியப் பிரிச்சுப் பாத்துட்டு அழுத்துங்க, அப்புறம் மாத்த முடியாதுன்னு எழுதியிருந்தேன். ஒரே பக்கத்துல முடிக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன்."

"சரி."

"சிதம்பரத்துல மருந்துக்கடையில அந்த அக்கா பிரிக்காமலே அழுத்திட்டாங்க. உள்ள பாதி பாட்டில் உடைஞ்சிருக்கு, திருப்பி அனுப்ப முடியல. ஓனர் அவுங்கள நிறுத்திட்டாரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உதவி கேட்டு எங்க ஆபீசுக்கு போன் பண்ணாங்க. நான்தான் எடுத்தேன். 'புத்தகத்த ரெண்டு தடவ படிச்சேன் சார், எங்க தப்பு பண்ணேன்னு தெரியல'ன்னாங்க. எழுதுனது நான்னு சொல்லல."

"இப்ப ஓனர்கிட்ட சொல்லப் போறியா?"

"நேத்தே சொல்லிட்டேன். வேற ஆள் போட்டாச்சுன்னுட்டாரு. இப்ப அவுங்க வீட்டுக்குப் போறேன்."

"நானும் கூட வரேன்" என்றார் மச்சான்.