காலியாக இருந்த ஆணி

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன், உங்களுக்குக் கை வலிக்காது.

அரசு ஆவணக்கூடத்தில் நான் இருபத்தாறு வருடமாகக் காப்பாளன். செத்துப்போனவர் என் தங்கையின் கணவர், அங்கேயே ஆய்வாளர். புதிய பள்ளிப் புத்தகத்தின் முதல் பாடத்துக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க ஏழு பேர் குழு போட்டார்கள். இந்த மாநிலத்தின் வரலாற்றை அதிகம் மாற்றியவர் யார் என்பதுதான் கேள்வி. குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். அணை கட்டிய பொறியாளர் என்றேன் நான். காலராவை விரட்டிய டாக்டரம்மா என்றார் அவர்.

மூன்று மாதம் இதே பேச்சு. சாப்பாட்டு மேசையிலும் ஓயவில்லை.

"அணை இல்லேன்னா சோறு ஏது மாப்ள?" என்பேன்.

"சாப்பிட ஆள் உயிரோட இருக்கணும்ல மச்சான்?" என்பார்.

தங்கை சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. அதற்காக ஒன்றும் செய்யவில்லை. நான் அப்படிப்பட்ட அற்பன் இல்லை.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் காலை, மாப்பிள்ளை துள்ளிக்கொண்டு வந்தார். "மச்சான், உங்க பொறியாளரே எழுதின கடிதம் ஒண்ணை நேத்து ஒரு பழைய காகிதக் கட்டுல பார்த்தேன். அந்த அம்மா மட்டும் கூலிக்காரங்களைக் காப்பாத்தலேன்னா அணையே இல்லைன்னு எழுதியிருக்கார். அந்தக் கட்டு இப்போ மருந்தறைக்குப் போயிடுச்சாம். போய் எடுத்துட்டு வந்துடறேன்."

முப்பது வருடம் நான் கும்பிட்ட மனிதரை எனக்கே எதிர்சாட்சியாகக் கொண்டுவரப் பார்த்தார். வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

மருந்தறை என்றால், பூச்சி அரித்த காகிதங்களை அடுக்கி, கதவை இறுக மூடி விஷப்புகை விடும் அறை. உள்ளே போகிறவர் தன் அடையாள அட்டையை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால் ஊழியர் கதவைப் பூட்டுவார். இந்த விதியை எழுதியதே நான்தான்.

அவர் மாட்டினார். நான் எடுத்தேன். அவர் நாற்காலியில் தொங்கிய கோட்டின் பையில் போட்டேன். அவ்வளவுதான். கதவை நான் தொடவே இல்லை. கடைசி அடுக்குக்குப் பின்னால் நின்றவரை ஊழியர் பார்க்கவில்லை. மாப்பிள்ளை உள்ளிருந்து கதவைத் தட்டியது இயந்திர இரைச்சலில் ஊழியருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன். "அவருக்கு எப்பவுமே அலட்சியம்தாம்மா. அட்டையை மாட்ட மறந்துட்டார்." நம்பிவிட்டாள். இன்றைக்கும் புருஷனைத் திட்டித் திட்டித்தான் அழுகிறாள்.

ஆனால் கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. இரங்கல் கூட்டத்தில் குழுத் தலைவர் அதை வாசித்தார். அங்கேயே ஐந்து கைகள் டாக்டரம்மாவுக்காக உயர்ந்தன. ஆறாவது கை என்னுடையது. அது மடியிலேயே இருந்தது. மறுநாள் பேப்பரில், 'ஒரு மறதி தீர்மானித்த வரலாறு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மறதியாம். மறதிக்கு என்ன தெரியும் வரலாற்றைப் பற்றி? நானாகத்தான் வந்தேன், நீங்கள் யாரும் என்னைப் பிடிக்கவில்லை. அதையும் எழுதுங்கள்.

வருத்தமா? எதற்கு? அந்தப் பாடத்தை இனி லட்சக்கணக்கான பிள்ளைகள் படிப்பார்கள். அதை அங்கே வைத்தது பொறியாளரும் இல்லை, டாக்டரம்மாவும் இல்லை. கையெழுத்து எங்கே போடணும்? ஒரே ஒரு வேண்டுகோள்தான், ஐயா: அந்தப் பாடத்தின் அடிக்குறிப்பில் என் பெயர் வர வேண்டும், எழுத்துப்பிழை இல்லாமல்.