வலிக்காமல் செத்தவன்

— கேமராவை நிறுத்தச் சொல்லுங்க டைரக்டர் சார்! பார்க்கச் சகிக்கல எனக்கு.

— பாருங்க சார்ஜென்ட் டோலிவர், துப்பாக்கியை எப்படிப் பிடிக்கணும்னு நடிகனுங்களுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் உங்களை வெச்சிருக்கு. என் ஷாட்டைக் கெடுக்க இல்ல.

— வயித்துல குண்டு வாங்கினவன் சீவின தலை கலையாம கிடக்கான். உதட்டுல சாயம் வேற! ரத்தம்னு சாக்லேட் பாகை ஊத்தியிருக்கீங்க, ஈ மொய்க்குது.

— கறுப்பு வெள்ளையில ரத்தமாத்தான் தெரியும்.

— அந்த எழவு வசனம்? ‘எனக்கு வலிக்கலன்னு அம்மாகிட்ட சொல்லுங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே சாகறான். த்தூ! நீங்க படமா எடுக்கற அந்தத் தீவுச் சண்டையில நானே இருந்தவன் சார். சரிஞ்ச குடலைக் கையில ஏந்திக்கிட்டு பொழுது சாயற வரைக்கும் கத்தினானுங்க. ஒருத்தனும் வசனம் பேசல.

— பாருங்க, வாரம் பூரா ஆலையில மாடா உழைச்சவன், சனிக்கிழமை பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வர்றான். சோளப்பொரி தின்னுக்கிட்டே குடலைப் பார்ப்பானா?

— குடலைக் காட்ட வேணாம். பொய்யைக் காட்டாம இருக்கலாமில்ல? இதைப் பார்த்துட்டு நாளைக்கு இன்னும் நாலு பேர் பட்டாளத்துக்குப் பேர் குடுப்பானுங்க. எந்த நாய் எழுதினது இதை? யுத்தத்தைக் கண்ணால பார்த்திருப்பானா?

— பார்த்தவன்தான் எழுதினான்.

— கூப்பிடுங்க அவனை. மூஞ்சியில காறித் துப்பறேன்.

— என் தங்கச்சி மகன் ராஸ்கோ அந்தத் தீவுலதான் செத்தான். அவளுக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. அதுல இருந்ததைத்தான் வரிக்கு வரி வசனமா வெச்சேன். அடியில உங்க கையெழுத்து, சார்ஜென்ட். அதான் உங்களைத் தேடிப் பிடிச்சேன்.

— பத்தொன்பது அம்மாவுக்கு அதே வரியைத்தான் சார் எழுதினேன்.

— அப்போ ராஸ்கோ…?

— கேட்காதீங்க.

— அடப்பாவி! மெதுவாப் பேசுங்க. தங்கச்சி இன்னிக்கு ஷூட்டிங் பார்க்க வந்திருக்கா. நீங்க கத்தினது காதுல விழுந்திருக்கும்… எழுந்து வர்றா பாருங்க. ஹெஸ்டர், நீ போய் உட்காரும்மா, இது எங்க தொழில் சண்டை.

— இரு அண்ணா. சார்ஜென்ட், நீங்கதான டோலிவர்? அஞ்சு வருஷமா உங்க லெட்டரைத் தலகாணிக்கு அடியில வெச்சுத்தான் தூங்கறேன். இப்ப ஏதோ பொய்னு கத்தினீங்களே. என் பிள்ளை எப்படிப் போனான்? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

— இப்ப இந்தப் பையன் நடிச்சானேம்மா… அச்சு அசலா அப்படியேதான்.